கோப்பு நமது, சாவி யாருடையது?

தமது மின்னஞ்சல் முகவரியை ஜோஹோ நிறுவனத்தின் சேவைக்கு மாற்றிக்கொண்டுவிட்டதாக 2025 அக்டோபர் 8-ஆம் தேதி உள்துறை அமைச்சர் அமித் ஷா அறிவித்தபோது, தலைநகர் தில்லியில் அதை ஒரு தனிமனிதரின் முகவரி மாற்றமாக எவரும் கருதவில்லை. அதற்கு இரு வாரங்களுக்கு முன்பே, ஆவணங்கள், கணக்குத் தாள்கள், விளக்கப் படக்காட்சிகள் ஆகியவற்றுக்குத் தாம் ஜோஹோவுக்கு மாறுவதாகத் தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் கூறியிருந்தார். அக்டோபர் 3-ஆம் தேதி மத்தியக் கல்வி அமைச்சகம், தன் அதிகாரிகள் அந்நிறுவனத்தின் அலுவலக மென்பொருள் தொகுப்பையே பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் கணக்குகள், 2023-இல் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தத்தின்படி அதே நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன என்பதும் அந்த நாள்களில்தான் பரவலாகத் தெரியவந்தது.

கடிதம் எழுதுவதும், கணக்குப் போடுவதும், கூட்டம் கூட்டுவதும் இன்று மென்பொருள் இல்லாமல் நடப்பதில்லை. இந்திய அலுவலகங்களில் இந்தப் பணிகளுக்கான சந்தை, மைக்ரோசாப்ட், கூகுள் என்னும் இரு அமெரிக்க நிறுவனங்களின் பிடியில்தான் நீண்ட காலமாக இருந்து வருகிறது. அந்தச் சந்தையில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனம் மத்திய அரசின் வாசல் வரை வந்திருப்பது பெருமைப்படத்தக்கது. ஆனால், பெருமிதம் ஒரு கொள்முதல் கொள்கை ஆகிவிடாது. எந்த நிறுவனத்தின் மென்பொருளை அரசு வாங்குகிறது என்பதைவிட, எந்த நிபந்தனைகளின் பேரில் வாங்குகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்வியின் கூர்மையை 2025 ஜூலையில் நடந்த ஒரு நிகழ்வு உணர்த்தியது. குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையையும், நாடெங்கும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்ரோல் நிலையங்களையும் நடத்தி வருவது நயாரா எனர்ஜி நிறுவனம். அதில் ரஷியாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனத்துக்கு 49.13 சதவீதப் பங்கு இருக்கிறது. ஜூலை 18-ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியம் நயாராவின் மீது தடை விதித்தது. அடுத்த சில நாள்களில், அதன் ஊழியர்கள் பயன்படுத்தி வந்த மின்னஞ்சல், கூட்டச் சேவைகளை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. உரிமக் கட்டணத்தை முழுமையாகச் செலுத்தியிருந்தும் தனது சொந்தத் தரவுகளையே அணுக முடியவில்லை என்று கூறி, நயாரா தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. ஜூலை இறுதியில் சேவைகள் திரும்பக் கிடைத்தன.

தடையை விதித்தது இந்திய அரசு இல்லை, ஐ.நா. பாதுகாப்பு அவையும் இல்லை. மைக்ரோசாப்டின் தாய்நாடான அமெரிக்காகூட இல்லை. எங்கோ பிரஸ்ஸல்ஸில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு, இந்தியச் சட்டப்படி இந்தியாவில் இயங்கும் ஒரு பெரும் நிறுவனத்தின் அலுவலகக் கதவுகளை ஒரே நாளில் அடைத்துவிட முடிந்திருக்கிறது. பெரும் வழக்குரைஞர்களை அமர்த்தி நீதிமன்றம் செல்லும் வசதி நயாராவுக்கு இருந்தது. ஒரு மாவட்ட மருத்துவமனைக்கோ, ஒரு நகராட்சிக்கோ, ஐம்பது பேர் வேலை செய்யும் ஒரு வார்ப்படத் தொழிற்சாலைக்கோ அந்த வசதி இருக்குமா?

தரவுகளைச் சேமிக்கும் கணினி மையங்கள் மும்பையிலும் ஹைதராபாதிலும் இருக்கின்றனவே, பிறகென்ன அச்சம் என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்கா 2018-இல் இயற்றிய 'கிளவுட்' சட்டத்தின்படி, அந்நாட்டு நிறுவனங்கள் தம் பொறுப்பில் வைத்திருக்கும் தரவு உலகின் எந்த மூலையில் இருந்தாலும், முறைப்படி கேட்கப்படும்போது அமெரிக்க அதிகாரிகளிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டவை. பிரான்ஸ் குடிமக்களின் தரவு அந்நாட்டு அரசின் ஒப்புதல் இல்லாமல் அமெரிக்க அதிகாரிகளிடம் தரப்படாது என்று உறுதியளிக்க முடியுமா என 2025 ஜூனில் பிரெஞ்சு செனட் குழு கேட்டது. முடியாது என்பதே மைக்ரோசாப்டின் பிரான்ஸ் கிளைச் சட்ட அதிகாரி அளித்த பதில். பிரான்ஸுக்குக் கிடைக்காத உறுதிமொழி இந்தியாவுக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

இந்தியா இத்தகைய நெருக்கடியைச் சந்திப்பது முதல் முறை அன்று. 1951 முதல் இந்தியாவில் இயங்கி வந்த ஐ.பி.எம். நிறுவனம், அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி தன் பங்குகளை இந்தியர்களுக்கு விட்டுத்தர மனமில்லாமல் 1978-இல் வெளியேறியது. அது விட்டுச் சென்ற கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பை சி.எம்.சி. என்ற பொதுத்துறை நிறுவனம் ஏற்றது. அந்நியக் கணினிகளைப் பழுதுபார்த்துப் பழகிய அந்தப் பொறியாளர்கள்தான், பின்னர் ரயில்வே முன்பதிவைக் கணினிமயமாக்கிக் காட்டினார்கள். வெளியேற்றம் எவ்வளவு பேசப்பட்டதோ, அந்த அளவுக்கு அதன் பிறகு உருவாக்கப்பட்ட திறமை பேசப்படவில்லை. 2001-இல் சி.எம்.சி. நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை அன்றைய மத்திய அரசு டாடா குழுமத்துக்கு விற்றுவிட்டது. சுதேசி முழக்கத்துக்கும் சுதேசித் திறனுக்கும் உள்ள இடைவெளியை அறிய இந்த வரலாறே போதுமானது.

அலுவலக மென்பொருள் சந்தையின் சூட்சுமம் விலையில் இல்லை; கோப்பு வடிவத்தில் இருக்கிறது. ஓர் அலுவலகம் பத்தாண்டுகளாக எழுதிச் சேர்த்த ஆவணங்கள் யாவும் ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் மட்டுமே சரியாகத் திறக்கும் என்றால், அந்த அலுவலகம் வேறு எங்கும் போக முடியாது. அது அனுப்பும் கோப்பைத் திறந்தாக வேண்டிய ஒப்பந்ததாரரும், பள்ளியும், வங்கியும், கடைசியில் மனுதாரரும் அதே மென்பொருளை வாங்கியாக வேண்டும். அரசு ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது தனக்காக மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. தன்னுடன் கடிதப் போக்குவரத்து வைத்திருக்கும் கோடிக்கணக்கானவர்களுக்கும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறது.

இதை நம் வல்லுநர்கள் அறியாதவர்கள் அல்லர். எவரும் உரிமத்தொகை செலுத்தாமல் கையாளக்கூடிய 'ஓடிஎஃப்' என்னும் ஆவண வடிவம் 2006-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. அதற்குப் போட்டியாக மைக்ரோசாப்ட் தனது வடிவத்தையும் சர்வதேசத் தரமாக்க முயன்றபோது, இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2007 செப்டம்பரில் எதிர்த்து வாக்களித்தது. 2008 மார்ச்சில் கடும் நெருக்குதலுக்கிடையே தன் நிலையை மறு ஆய்வு செய்தபோதும் அது பின்வாங்கவில்லை. தரம் ஏற்கப்பட்ட பிறகும், பிரேஸில், தென்னாப்பிரிக்கா, வெனிசூலா ஆகிய நாடுகளுடன் சேர்ந்து இந்தியா மேல்முறையீடு செய்தது. முறையீடு தள்ளுபடியானாலும், வளரும் நாடுகளின் குரலாக இந்தியா ஒலித்த நேரம் அது.

அந்தத் துணிவின் தொடர்ச்சியாக, மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கையை 2010 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்டது. 2015 மார்ச்சில், அரசுக் கொள்முதலில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும், அது தவிர்க்கப்பட்டால் அதற்கான காரணத்தை விளக்க வேண்டும் என்று மற்றொரு கொள்கை வந்தது. ஒன்று மன்மோகன் சிங் அரசின் காலத்தில் வந்தது. மற்றொன்று நரேந்திர மோடி அரசின் காலத்தில் வந்தது. கட்சி பேதமின்றி ஏற்கப்பட்ட நெறிகள் இவை. ஆனாலும், அரசு இணையதளங்களில் இன்றும் எத்தனை விண்ணப்பப் படிவங்கள் திறந்த வடிவத்தில் கிடைக்கின்றன என்று தேடிப் பார்ப்பவருக்கு, கொள்கை எழுதுவதில் நாம் காட்டும் வேகம் அதை நிறைவேற்றுவதில் இல்லை என்பது விளங்கும்.

அரசு அலுவலகங்களுக்கு வெளியே நிலைமை இன்னும் கடினமானது. 2015-16-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி, நாட்டில் ஏறத்தாழ 6.34 கோடி குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் இருந்தன. இவற்றில் கணினி வைத்திருப்பவற்றுள் பல, உரிமம் இல்லாத நகல் மென்பொருளில்தான் எழுதவும் கணக்குப் பார்க்கவும் கற்றுக்கொண்டன. 2017-இல் இந்தியக் கணினிகளில் நிறுவப்பட்ட மென்பொருள்களில் 56 சதவீதம் உரிமமற்றவை என்று மென்பொருள் நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பே கணக்கிட்டது. இது திருட்டு என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்தத் திருட்டின் இறுதிப் பயனும் பெரு நிறுவனங்களுக்கே போய்ச் சேர்ந்தது. பணம் கொடுக்காமல் பழகியவர்கள், பழகிய பின் வேறு எதற்கும் மாற முடியாதவர்கள் ஆனார்கள். ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் முறை பின்னுக்குத் தள்ளப்பட்டு, மாதச் சந்தா முறை பரவியபோது, அந்தப் பழக்கமே வருவாயாக மாறியது.

வாங்கிய பொருளுக்கும் வாடகைக்கு எடுத்த பொருளுக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரிகிறது. சந்தாவை நிறுத்தினால் மென்பொருள் மட்டும் போவதில்லை. அதனுள் இருக்கும் கணக்குகளைத் திருத்தும் வசதியும் போய்விடும். விலையையும், எந்தச் சரக்கோடு எதைச் சேர்த்துக் கட்டுவது என்பதையும் விற்பவரே முடிவு செய்வார். கூட்டச் சேவையை அலுவலகத் தொகுப்புடன் சேர்த்து விற்றது குறித்து ஐரோப்பிய ஆணையம் விசாரணையைத் தொடங்கிய பிறகே, மைக்ரோசாப்ட் அதைத் தனியாகப் பிரித்து விற்க முன்வந்தது. செயற்கை நுண்ணறிவு வசதியைச் சேர்த்துச் சந்தாவை உயர்த்தியபோது, பழைய விலையிலேயே தொடரும் வழி இருப்பதைச் சுமார் 27 லட்சம் வாடிக்கையாளர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று கூறி, ஆஸ்திரேலியப் போட்டி, நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிச் சந்தையில் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக 2022-இல் கூகுள் நிறுவனத்துக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்த இந்திய வணிகப் போட்டி ஆணையம், அலுவலக மென்பொருள் சந்தையின் மீதும் அதே கண்ணோட்டத்தைச் செலுத்துவதே முறை.

மொழியின் கோணத்திலிருந்து பார்த்தால் இந்தச் சந்தையின் மற்றொரு முகம் தெரியும். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. இந்த மொழிகளில் எழுதுவதற்கு ஒரே குறியீட்டு முறையைத் தொடக்கத்திலேயே நடைமுறைப்படுத்தத் தவறியதால் நாம் கொடுத்த விலை பெரிது. வட மாநில அலுவலகங்களில் 'கிருதி தேவ்' போன்ற எழுத்துருக்களில் பல்லாண்டுகள் தட்டச்சு செய்யப்பட்ட இந்தி ஆவணங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அவற்றில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது. தமிழிலும் ஆளுக்கொரு எழுத்துரு என்ற நிலை நிலவி, 2010-இல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்று ஆணையிட்ட பிறகே ஒழுங்கு பிறந்தது. பொதுத் தரநிலை இல்லாவிட்டால் நம் கோப்புகளை நாமே படிக்க முடியாமல் போகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் எதுவும் வேண்டாம். கிருதி தேவ் எழுத்துருவால் வந்த சிக்கலுக்கு எந்த அந்நிய அரசும் காரணம் இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த நினைவோடுதான் மத்திய அரசின் புதிய திருப்பத்தை மதிப்பிட வேண்டும். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாறிய நிறுவனம், வெளி முதலீட்டாளர்களிடம் கையேந்தாமல் வளர்ந்தது. 2005-லேயே இணையவழி எழுதுசெயலியை வெளியிட்டது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்து, உலகத் தரத்து மென்பொருளைச் சிற்றூரிலிருந்தும் உருவாக்க முடியும் என்று காட்டியது. இந்தச் சாதனைகளை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. எனினும், அதுவும் ஒரு தனியார் நிறுவனம்தான். அதன் மென்பொருளும் அந்நிறுவனத்துக்கு உரிமையான, மூலநிரல் மூடப்பட்ட மென்பொருள்தான். நிறுவனங்கள் கைமாறும்; தலைமை மாறும்; வணிக நோக்கும் மாறும். ட்விட்டருக்கும் மத்திய அரசுக்கும் மோதல் முற்றிய 2021-இல், உள்நாட்டு மாற்று என்று அமைச்சர்களாலும் அரசுத் துறைகளாலும் கொண்டாடப்பட்ட 'கூ' தளம், 2024 ஜூலையில் இழுத்து மூடப்பட்டது. சமூக ஊடகத்தில் பதிவுகள் போனால் வருத்தத்தோடு முடிந்துவிடும். அமைச்சரவைக் குறிப்புகளுக்கும் நிலப் பதிவுகளுக்கும் அப்படி ஒரு நிலை வர அனுமதிக்க முடியாது.

அரசு செய்துள்ள ஒரு நல்ல ஏற்பாட்டையும் குறிப்பிட்டாக வேண்டும். மின்னஞ்சல் தளம் மாறினாலும், அரசு ஊழியர்களின் முகவரிகள் பழைய அரசு முகவரிகளாகவே நீடிக்கின்றன. நாளை வேறொரு நிறுவனம் ஒப்பந்தம் பெற்றால், முகவரியை மாற்றாமலே தளத்தை மாற்றலாம். மின்னஞ்சலில் கடைப்பிடிக்கப்பட்ட இந்த முன்யோசனை ஆவணங்களிலும் கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அப்படியானால், மென்பொருளை இலவசமாகத் திறந்த மூலத்தில் பெற்றுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? அதுவும் எளிதன்று. ஜெர்மனியின் மூனிக் நகர நிர்வாகம் 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பத்தாண்டுகள் உழைத்து மாறி, 2017-இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. அரசியல் தலைமையின் ஆதரவு தளர்ந்ததும், ஊழியர்களின் குறைகள் உரிய நேரத்தில் களையப்படாததும் அதற்குக் காரணமாயின. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல், சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றும் பணியைத் தொடங்கியது. நம் நாட்டில் கேரளம் இரண்டு பத்தாண்டுகளுக்கு மேலாகப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்து வருகிறது. 2019-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் அதைப் பயன்படுத்துவதன் மூலம் ரூ.3,000 கோடி மிச்சமாவதாக அம்மாநில அரசு நிறுவனம் மதிப்பிட்டது. மென்பொருளை மட்டும் மாற்றாமல் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும், பாடநூலும், பழுதுபார்க்கும் ஏற்பாடும் சேர்த்துத் தந்ததே கேரளத்தின் வெற்றிக்குக் காரணம்.

இந்த அனுபவங்களிலிருந்து மத்திய அரசு செய்ய வேண்டியவை தெளிவாகவே தெரிகின்றன. முதலாவதாக, அரசின் எந்த ஆவணமும் திறந்த தரநிலை வடிவத்திலேயே சேமிக்கப்பட வேண்டும், பரிமாறப்பட வேண்டும் என்ற 2010-ஆம் ஆண்டுக் கொள்கையைக் கட்டாய விதியாக்கி, அதைத் தணிக்கைக்கும் உட்படுத்த வேண்டும். இரண்டாவதாக, உள்நாட்டு நிறுவனமானாலும் வெளிநாட்டு நிறுவனமானாலும், ஒப்பந்தம் முடியும் நாளில் தரவு முழுவதையும் எந்த வடிவில், எத்தனை நாள்களில், யார் செலவில் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். நுழையும்போதே வெளியேறும் வழியைக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது. அது பொதுப்பணத்தைக் கையாள்பவரின் கடமை. மூன்றாவதாக, ஒப்பந்தப்புள்ளி விவரங்கள், பாதுகாப்புத் தணிக்கை நடந்ததா என்ற தகவல் ஆகியவை நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். அமைச்சர்களின் சமூக ஊடகப் பதிவுகளைப் பார்த்து அமைச்சகங்கள் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் நிலை ஏற்படக்கூடாது.

நான்காவது, மாநிலங்களைப் பற்றியது. மத்திய அரசு எதைப் பயன்படுத்துகிறதோ அதையே மாநிலங்களும் வாங்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம், மானிய நிபந்தனை வடிவிலோ இணையதள வடிவிலோ வந்துவிடக் கூடாது. தரநிலை நாடு முழுவதும் ஒன்றாக இருக்கட்டும். அதற்கு உட்பட்ட மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாநிலத்துக்கும், உள்ளாட்சிக்கும், பள்ளிக்கும் இருக்கட்டும். எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் எழுதவும், தேடவும், எழுத்துப்பிழை திருத்தவும் முடிய வேண்டும் என்பதை, இந்தியைத் தாண்டி எல்லா மொழிகளுக்கும் பொருந்தும் கொள்முதல் நிபந்தனையாக்க வேண்டும். நாட்டின் மிகப் பெரிய வாடிக்கையாளர் அரசு. அது விதிக்கும் நிபந்தனை சந்தையின் இயல்பாகவே மாறிவிடும். சிறு தொழில்களும் அதன் பயனை அடையும்.

இந்திய ஏற்றுமதிகள் மீது 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி சுமத்திய சூழலில் எழுந்த சுதேசி ஆர்வம் இயல்பானது. வரிச் சண்டைகள் பேச்சுவார்த்தையில் தணியக்கூடியவை. அவை தணிந்ததும் ஆர்வமும் தணிந்துவிடுமானால், நயாரா விவகாரம் தந்த எச்சரிக்கை வீணாகிவிடும். அந்நியப் பூட்டை அகற்றிவிட்டு உள்ளூர்ப் பூட்டைத் தொங்கவிடுவது தற்சார்பு ஆகாது. குடிமக்களின் பதிவுகளும் அரசின் கோப்புகளும் எந்த நிறுவனத்தின் தயவிலும் இல்லாமல், ஐம்பது ஆண்டுகள் கழித்தும் திறந்து படிக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். அந்த உறுதியைத் தரும் நிறுவனம் சென்னையில் இருந்தாலும் சரி, சியாட்டிலில் இருந்தாலும் சரி, அதற்குச் சந்தையில் இடம் உண்டு. தர மறுக்கும் நிறுவனத்துக்கு அரசுக் கொள்முதலில் இடம் இருக்கக் கூடாது.